கேட்ட படங்களும் பார்த்த படங்களும்

பழைய தமிழ்ப் படம் ஒன்றின் பெயரைச் சொல்லி, "அந்தப் படம் எப்படி?" என்று நம்மவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு பாட்டை முணுமுணுப்பார். அல்லது வசனம் ஒன்றை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பார். பிறகு நடிகரின் பெயரைச் சொல்வார். திரையில் கண்ட காட்சியொன்றை, 'அறையில் இன்ன பொருள் இருந்தது. இன்னார் இப்படித் திரும்பிப் பார்த்தார்' என்று எடுத்துரைப்பவர் மிகச் சிலரே.

படம் 'பார்த்தேன்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் நம் நினைவில் நிற்பதோ கேட்டது! இந்த முரண்பாடு எவ்வாறு வந்தது, இதனால் நாம் பெற்றது எது, இழந்தது எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே கூறப்படும் கருத்துகள், திரைப்படத்தின்மீது நெடுங்காலப் பற்றுடைய ஒரு பள்ளியாசிரியனின் சொந்தக் கருத்துகள். உடன்படாதவர் தாராளமாக மறுக்கலாம். படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மறுத்தால் மகிழ்ச்சி இன்னும் மிகுதி.

செவிவழி வந்த கலை

தமிழில் முதன்முதல் வந்த பேசும்படம் 'காளிதாஸ்'. அது 1931 அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்தது. எச். எம். ரெட்டி இயக்கினார், டி. பி. ராஜலட்சுமி நடித்தார். அதில் தமிழோடு தெலுங்கும் கலந்து ஒலித்தது. மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. திரையிலிருந்து பாட்டு வந்தது. அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்கு முன்பும் தென்னாட்டில் படங்கள் இருந்தன. நடராஜ முதலியார் 'கீசகவதம்' என்ற ஊமைப்படத்தை எடுத்திருந்தார். ஆயினும் ஊமைப்படக் கலை இங்கே ஆழமாக வேரூன்றுவதற்குள் ஒலி வந்துவிட்டது. ஒலி வந்ததும் படமுதலாளிகள் எங்கே போனார்கள்? நாடகக் கொட்டகைக்குத்தான் போனார்கள். அங்கே சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த பாய்ஸ் கம்பெனிகள் இருந்தன. ஆர்மோனியமும் மிருதங்கமும் இருந்தன. எட்டுக் கட்டைச் சுருதியில் பாடவல்ல ராஜபார்ட்டுகள் இருந்தார்கள். நாடகமேடை அப்படியே படப்பிடிப்பு நிலையத்துக்குள் குடியேறியது. கேமராவின் வேலை, எதிரே நடக்கும் நாடகத்தைப் பதிவு செய்வது என்றாகிவிட்டது.

மேனாடுகளில் நிலைமை வேறு. அங்கே முப்பது ஆண்டுக் காலம் ஊமைப்படம் செழித்தது. சொல் இல்லாமல் கதை சொல்லும் வித்தையை ரஷ்யாவில் ஐசன்ஸ்டீனும், அமெரிக்காவில் சாப்ளினும் கற்றுக் கற்பித்தார்கள். கண் பழகிய பிறகே அவர்களுக்குக் காது திறந்தது. நமக்கோ காது நிறைந்த பிறகும் கண் பழகவில்லை. இது குறையென்று இகழ்வதற்காகக் கூறவில்லை. வரலாறு நடந்த முறையைக் கூறினேன்.

இதற்கு ஒரு சான்று பாருங்கள். 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றும் இன்று கிடையாது. எம். எஸ். சுப்புலட்சுமி முதன்முதலாக நடித்த 'சேவாசதனம்' 1938இல் கே. சுப்பிரமணியம் எடுத்த சீர்திருத்தப் படம். அதன் பிரதியும் மறைந்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்துத் திரைப்பாட்டுகள் பல, இசைத்தட்டுகளில் இன்றும் ஒலிக்கின்றன. படமாளிகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்களைப் பலர் பெட்டியில் வைத்துக் காத்தார்கள். பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியது 1964இல்தான். அதற்குள் எத்தனையோ சுருள்கள் அழிந்துவிட்டன. பாட்டைக் காத்த நாம் படத்தைக் காக்கவில்லை.

ஒரே போர், இரு படங்கள்

இனி என் கருத்துக்கு அடிப்படையான இரண்டு படங்களுக்கு வருவோம். ஒன்று, 1952 தீபாவளிக்கு வெளிவந்த 'பராசக்தி'. மற்றொன்று, 1954 ஏப்ரல் 13ஆம் நாள் வெளிவந்த 'அந்த நாள்'. முன்னதைத் தமிழர் வாழும் நாடுகளில் அறியாதவர் அரியர். பின்னதன் பெயரைச் சொன்னால், இளைஞர் பலர் "அப்படியொரு படமா?" என்று கேட்கிறார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டிலும் கதாநாயகர் சிவாஜி கணேசன். இரண்டிலும் நாயகி பண்டரிபாய். இரண்டுக்கும் ஒளிப்பதிவாளர் எஸ். மாருதிராவ்; இரண்டும் உருவான இடம் ஏ. வி. எம். நிலையம். இரண்டு கதைகளின் பின்னணியிலும் நிற்பது இரண்டாம் உலகப் போரே. இவ்வளவு பொதுவாக இருந்தும் ஒன்று மக்கள் நாவில் வாழ்கிறது. மற்றது அறிந்தோர் சிலரின் நினைவில் மட்டும் வாழ்கிறது. விஞ்ஞானச் சோதனையில் ஒரு பொருளை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்து விளைவைக் கவனிப்பார்கள் அல்லவா? இங்கே மாறிய பொருள்கள் இரண்டு: பாட்டும் வசனமும்.

போர் என்று சொன்னதும் நம் நாட்டுத் தமிழருக்கு ஒரு நெருக்கம் தோன்றும். 1941 முடிவில் ஜப்பானியர் மலாயாவுக்குள் இறங்கியதையும், நம் தோட்டத்து மக்கள் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டதையும் நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதே போரின் இரு முகங்களைத்தான் இவ்விரு படங்களும் தொட்டுக் காட்டுகின்றன.

சொல்லின் வெற்றி

'பராசக்தி'யின் கதை இரங்கூனில் பிழைக்கப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை. மூன்று அண்ணன்மார் பர்மாவில். தங்கை கல்யாணி மதுரையில். தங்கையின் திருமணத்துக்கு மூவரும் புறப்பட, போர்க்காலமாதலால் கப்பலில் ஓர் இடமே கிடைக்கிறது. இளையவன் குணசேகரன் மட்டும் வருகிறான். சென்னையில் பணத்தைப் பறிகொடுக்கிறான். மற்ற இருவரும் அகதிகளோடு அகதிகளாகக் கால்நடையாய் வருகிறார்கள். 1942இல் இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்தது வரலாறு. கடல் கடந்த தமிழனின் துயரத்தை நடுப்பொருளாகக் கொண்ட படங்கள் தமிழில் அதிகமில்லை. 'பராசக்தி'க்கு நம் நெஞ்சில் தனியிடம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிருஷ்ணன்–பஞ்சு இருவரும் இயக்கினார்கள். பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தைத் தழுவி மு. கருணாநிதி திரைக்கதையும் வசனமும் எழுதினார். சிவாஜிக்கு அதுவே முதற்படம். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் அந்தப் படம் நீதிமன்றக் காட்சியை நோக்கியே நடக்கிறது. அங்கே குணசேகரன் எழுந்து நின்று பேசுகிறான். பேச்சு வளர வளர, குற்றவாளிக் கூண்டே மேடையாக மாறிவிடுகிறது. சமுதாயம் குற்றவாளியாகிறது.

இந்த வசனங்கள் நம் தோட்டங்களுக்குச் செய்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். நூல்கள் அரிதாயிருந்த லயங்களில், செந்தமிழ்ச் சொல்லடுக்கை முதன்முதல் காதில் போட்டவை படங்களே. பால்மரம் வெட்டிய கைகள், எழுத்தறியாத நிலையிலும் நீண்ட வசனங்களை ஒரு சொல் பிசகாமல் சொல்லின. நம் தமிழ்ப்பள்ளிக் கலைநிகழ்ச்சிகளில் இன்றும் சிறுவன் ஒருவன் வீரபாண்டிய கட்டபொம்மனாக மீசை ஒட்டிக்கொண்டு மேடையேறினால், முன்வரிசைப் பாட்டிமார் வாய்க்குள் கூடவே வசனம் சொல்வதைக் காணலாம். உச்சரிப்புப் பயிற்சிக்கு இதைவிட நல்ல துணை நூல் உண்டா என்பது ஐயமே. ஆகவே 'கேட்ட படங்கள்' நம் மொழிக்குக் கடன் கொடுத்தவை. அந்தக் கடனை நன்றியோடு ஏற்க வேண்டும்.

சாட்சிகள் சொன்ன கதை

இப்போது 'அந்த நாள்'. வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கியது, ஜாவர் சீதாராமன் எழுதியது. சீதாராமன் என்ற பெயரின் முன் 'ஜாவர்' ஏன் வந்தது தெரியுமா? பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோவின் நாவலைத் தழுவிய 'ஏழை படும் பாடு' படத்தில், 1950இல், ஜாவர் என்ற போலீஸ் அதிகாரியாக அவர் நடித்தார். பாத்திரத்தின் பெயரே அவருக்குப் பட்டமாகிவிட்டது. 'அந்த நாளி'லும் அவரே துப்பறியும் அதிகாரி.

கதை நடக்கும் காலம் 1943 அக்டோபர். அந்த மாதம் 11ஆம் நாள் ஜப்பானிய விமானம் சென்னைமீது குண்டு வீசியது. அந்தச் சூழலில் ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் தன் வீட்டில் சுடப்பட்டு இறக்கிறான். படம் தொடங்கும்போதே கதாநாயகன் இறந்துவிடுகிறான்! பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சி இல்லை. அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பியின் மனைவி, ராஜனின் மனைவி உஷா, அவனோடு பழகிய ஒரு பெண் என்று ஒவ்வொருவராக அதிகாரியின் முன் பேசுகிறார்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ராஜனைக் காட்டுகிறார்கள். ஒருவர்மீது மற்றவர் ஐயத்தைத் திருப்புகிறார்கள். ஐந்து வாய்களிலிருந்து ஐந்து ராஜன்கள் எழுகிறார்கள்.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமான்' படத்தைக் கண்டுதான் பாலசந்தருக்கு இந்த எண்ணம் பிறந்தது. அது 1951இல் வெனிஸ் நகர விழாவில் முதற்பரிசு பெற்ற படம். 'அந்த நாளை' அதன் நகல் என்று சொல்வோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. 'ராஷோமானில்' ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு சொல்கிறார்கள். எது உண்மை என்பது இறுதிவரை தீர்வதில்லை. 'அந்த நாளில்' சாட்சிகள் சொல்வது ஒரே நிகழ்ச்சியை அன்று. ஒரு மனிதனின் வாழ்க்கையில் வெவ்வேறு பக்கங்களை. இறுதியில் உண்மை வெளிப்பட்டே தீருகிறது. 1950இல் பிரிட்டனில் அந்தோணி அஸ்குவித் எடுத்த 'தி உமன் இன் குவெஸ்சன்' என்ற படத்தோடும் இதற்கு ஒப்புமை உண்டு. எங்கிருந்து வித்து வந்தாலும், முளைத்த மண் சென்னை மண் என்பதைப் படத்தைப் பார்ப்போர் உணர்வர்.

கொன்றவர் யார் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. பார்க்காத அன்பர்களின் சுவையைக் கெடுத்த பழி எனக்கு வேண்டாம். ஒன்று மட்டும் கூறலாம். 'யார்' என்ற கேள்வியைவிட 'ஏன்' என்ற கேள்வியே அந்தப் படத்தில் கனமானது. அறிவும் திறமையும் உள்ள இளைஞன் ஒருவனை நாடு கைவிட்டால் அவன் எங்கே போவான் என்று அது கேட்கிறது. இருபத்தைந்து வயதில், புகழ் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், சிவாஜி இத்தகைய பாத்திரத்தை ஏற்றார் என்பது நினைக்கத்தக்கது.

இனி இரு படங்களையும் அருகருகே நிறுத்துவோம். 'பராசக்தி'யில் நன்றாகப் பேசுகிறவன் உண்மை பேசுகிறான். கேட்டுக்கொண்டிருந்தால் போதும், நியாயம் எந்தப் பக்கம் என்பது விளங்கிவிடும். 'அந்த நாளில்' எல்லாரும் நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் எவர் பேச்சும் முழு உண்மை அன்று. சொல்வதைக் கேட்டுக்கொண்டே முகத்தைப் பார்க்க வேண்டும்; கையைப் பார்க்க வேண்டும்; சுவரில் விழும் நிழலைக்கூடப் பார்க்க வேண்டும். ஒளியும் இருளும் கலந்து மாருதிராவ் அமைத்த காட்சிகளில், வாய் மறைத்ததை விளக்கொளி காட்டிக் கொடுக்கிறது. முதற்படம் நம்மை அவையோராக உட்கார வைக்கிறது. இரண்டாவது படம் நம்மையே நீதிபதியாக்குகிறது.

இதைப் பள்ளியிலிருந்தே விளக்கலாம். இடைவேளையில் இரண்டு மாணவர் சண்டையிட்டால், கண்டவர் நால்வர் வந்து நான்கு விதமாகச் சொல்வார்கள். எல்லாரிலும் நன்றாகப் பேசத் தெரிந்தவனை நம்பிவிட்டால், பேசத் தெரியாத பிள்ளை அடிபடுவான். ஆசிரியப் பணியில் உள்ளோர் அனைவரும் இதை அறிவர். பேச்சின் அழகு வேறு, உண்மை வேறு என்பதைப் பிள்ளைகள் எங்கேனும் கற்றாக வேண்டும். வகுப்பறையில் கற்கலாம், நல்ல படம் ஒன்றிலும் கற்கலாம்.

ஏன் மறந்தோம்?

'அந்த நாள்' முதல் வெளியீட்டில் வசூலில் தோற்றது. 1954ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் தமிழுக்குரிய வெள்ளிப் பதக்கம் 'மலைக்கள்ள'னுக்குச் சென்றது; 'அந்த நாளு'க்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் சான்றிதழ் ஒரு படத்தை மக்களிடம் கொண்டு போகுமா? போகாது. கொண்டு போவது பாட்டு.

ஒரு படம் கொட்டகையில் ஓடுவது சில வாரம். அதன் பாட்டுகளோ வானொலியிலும், திருமண வீட்டு ஒலிபெருக்கியிலும், காப்பிக்கடையிலும் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. ஒவ்வொரு முறை பாட்டு ஒலிக்கும்போதும் படத்தின் பெயர் அறிவிக்கப்படுகிறது. பாட்டுதான் படத்தின் தூதுவன். 1952 முதல் இந்திய வானொலி திரைப்பாட்டுகளைக் குறைத்தபோது, நேயர்கள் இலங்கை வானொலியைத் திருப்பிக் கேட்டார்கள் என்றால், அந்தத் தூதுவனுக்கு இருந்த வரவேற்பை நாம் அளவிடலாம். இங்கும் மின்னல் பண்பலையோ, சிங்கப்பூர் ஒலி 96.8ஓ பழம்பாட்டு நிகழ்ச்சி வைக்கும்போதெல்லாம் எத்தனையோ படங்கள் மறுபடி உயிர்பெறுகின்றன. பாட்டில்லாத படத்துக்குத் தூதுவன் இல்லை. அது நல்ல படமாயினும், நினைவூட்டுவார் இன்றி மறைந்து போகிறது. நம் திரைப்பட நினைவு, செவியின் நினைவாகிவிட்டதற்கு இதுவே தலையாய காரணம் என்பது என் முடிவு.

நம் தோட்டத்துப் படக்காட்சிகளும் இந்தப் பழக்கத்தை வளர்த்தன எனலாம். எழுபதுகளில் நான் சிறுவனாயிருந்தபோது, தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டுவார்கள். முன்பக்கம் இடம் பிடிக்க முடியாதவர்கள் துணிக்குப் பின்பக்கம் பாய் விரித்து உட்கார்வார்கள். அவர்களுக்கு எழுத்து இடவலமாய்த் திரும்பித் தெரியும். வலக்கை வீரன் இடக்கையால் வாள் வீசுவான். அதைப்பற்றி எவரும் குறைபட்டதில்லை. ஏனெனில் குழாய் ஒலிபெருக்கியிலிருந்து வந்த பாட்டும் வசனமும் இரு பக்கத்தாருக்கும் ஒன்றே. காற்றில் துணி ஆடினால் பொறுத்துக்கொண்டார்கள். ஒலி நின்றால்தான் கூச்சல் எழுந்தது.

அந்த வழியில் வந்தவை

கண்ணுக்குரிய படங்கள் 'அந்த நாளோ'டு நின்றுவிடவில்லை. அவ்வப்போது ஒருவர் துணிந்து எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

எழுத்தாளர் ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கி 1965இல் 'உன்னைப்போல் ஒருவன்' படத்தை வெளியிட்டார். சேரியில் வாழும் சிற்றாள் ஒருத்தி, அவள் மகன் சிட்டி, அவள் வாழ்வில் வந்து சேரும் கிளிஜோசியன் ஆகியோரைப் பற்றிய கதை. தாயின் புது உறவை ஏற்க மறுக்கும் பிள்ளையின் மனம்தான் படத்தின் களம். பாட்டு கிடையாது. அந்த ஆண்டின் தேசிய விருதுகளில், இந்தியப் படங்கள் அனைத்திலும் மூன்றாவது சிறந்த படமாக அதற்குத் தகுதிச் சான்று கிடைத்தது. முதற்பரிசு பெற்றது சத்யஜித் ரேயின் 'சாருலதா' என்றால், எத்தகைய வரிசையில் அது நின்றது என்பது விளங்கும். ஆனால் கொட்டகைகளில் அது நிலைக்கவில்லை.

1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய படம், தமிழ்நாட்டில் 'பேசும் படம்' என்ற பெயரில் வந்தது. பெயர்தான் பேசும் படம். தொடக்கம் முதல் இறுதிவரை ஒரு வசனம்கூடக் கிடையாது! வேலையற்ற இளைஞன் ஒருவன் ஒரு செல்வரின் இடத்தைக் களவாக எடுத்துக்கொண்டு உல்லாச விடுதியில் வாழும் கதையைக் கமலஹாசன் முகத்தாலும் உடலாலும் மட்டுமே சொல்லிவிட்டார். மொழி தேவைப்படாததால் பல மாநிலத்தாரும் அதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். கண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பதற்கு அதுவே சான்று.

அடுத்த ஆண்டு, 1988இல், பாலு மகேந்திராவின் 'வீடு' வந்தது. வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி, தாத்தாவுக்கும் தங்கைக்கும் தனக்குமாகச் சிறு வீடு ஒன்று கட்ட முனைகிறாள். கடன், கையூட்டு, சிமெண்டுத் திருட்டு என்று வரிசையாக இடர்கள் வருகின்றன. தாத்தாவாக நடித்தவர் நாடகமேடை கண்ட சொக்கலிங்க பாகவதர். ஒருநாள் அந்த முதியவர் தனியே புறப்பட்டுப் போய், பாதி எழுந்த வீட்டைப் பார்க்கிறார். பூசாத சுவர்களுக்கிடையே மெல்ல நடக்கிறார். எவரும் பேசவில்லை, இளையராஜாவின் இசை மட்டும் பின்னே செல்கிறது. வாழ்நாள் முழுதும் வாடகை வீட்டில் இருந்த ஒருவரின் நிறைவை அந்த நடையில் காண்கிறோம். அந்த இடத்தில் ஒரு சோகப் பாட்டு வைத்திருந்தால், நாம் பாட்டைக் கேட்டிருப்போம், முதியவரைப் பார்த்திருக்கமாட்டோம். நாயகி அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. சிறந்த தமிழ்ப்படம் என்ற விருதும் 'வீட்டு'க்கே. தமிழில் நான் மிக உயர்வாக மதிக்கும் படங்களுள் இதற்கு முன்னிடம் தருவேன்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 'கண்ணுக்குரிய காட்சி மக்களைக் கவராது என்றால், 1948இல் எஸ். எஸ். வாசன் எடுத்த "சந்திரலேகா"வின் முரசு நடனம் எப்படிப் புகழ்பெற்றது?' என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். பெரும் பெரும் முரசுகளின்மேல் பெண்கள் ஆட, முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் வெளிவரும் அந்தக் காட்சியை வியக்காதவர் யார்? ஆனால் அது கண்ணுக்கு வைத்த விருந்து, திகைக்கச் செய்வது. நான் பேசுவது கண்ணுக்கு வைத்த வேலையைப் பற்றி. சிந்திக்கச் செய்வதைப் பற்றி. முரசு நடனத்தைப் பார்க்கப் பயிற்சி வேண்டாம். முதியவர் சுவரோரம் நடப்பதைப் பார்க்கப் பயிற்சி வேண்டும்.

பாட்டும் காட்சியும் பகையல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழே அறியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'மீரா'வில், 1945இல், சிறுமி மீரா பாடத் தொடங்கி, பாட்டு முடிவதற்குள் வளர்ந்த மங்கையாகிவிடுகிறாள். ஆண்டுகள் கடந்ததை ஒரு வசனமும் இல்லாமல் காட்சி சொல்லிவிட்டது. 1962இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' முழுவதும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடப்பது. பாட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன. ஆயினும் வின்சென்டின் ஒளிப்பதிவு அந்தச் சிறிய இடத்தை ஓர் உலகமாக்கியதைப் பாட்டு மறைத்துவிடவில்லை. காதுக்கும் கண்ணுக்கும் ஒருங்கே உணவிட்ட இத்தகைய படங்களே நம் மரபுக்கு உகந்த நடுவழி என்பேன்.

பார்க்கப் பழகுதல்

படம் பார்ப்பதற்கும் பயிற்சி உண்டா என்று சிலர் நகைக்கலாம். எழுத்தைப் படிக்க ஆறாண்டுப் பள்ளி வைத்திருக்கிறோம். நாள்தோறும் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் பிள்ளைகள் காட்சிகளையே காணும் இக்காலத்தில், காட்சியைப் படிக்க ஒரு பாடவேளையாவது வேண்டாமா? என் அனுபவத்தில் பயன் தந்த மூன்று எளிய பயிற்சிகளைக் கூறுகிறேன். வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

முதலாவது, ஒரு நல்ல படத்தில் ஐந்து நிமிடக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது. யார் யாரிடம் கோபமாயிருக்கிறார், யார் எதை மறைக்கிறார் என்று பிள்ளைகளைச் சொல்லச் செய்ய வேண்டும். பிறகு ஒலியோடு பார்த்து, ஊகம் சரியா என்று ஒப்பிட வேண்டும். வகுப்பில் வாய் திறவாத பிள்ளைகள் இந்தப் பயிற்சியில் முந்திக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, காட்சி முடிந்ததும் அந்த அறையில் கண்ட பொருள்களைப் பட்டியலிடுவது. நாற்காலி எத்தனை, சன்னல் எந்தப் பக்கம், விளக்கு எங்கே என்று எழுதும்போதுதான், இயக்குநர் எதையும் வீணாக வைக்கவில்லை என்பது புலப்படும்.

மூன்றாவது, வசனம் ஒன்றையும் சொல்லாமல் கதையைத் திரும்பச் சொல்வது. 'அவள் சொன்னாள், இவன் சொன்னான்' என்று சொல்லக் கூடாது. 'அவள் செய்தாள், இவன் பார்த்தான்' என்றே சொல்ல வேண்டும். நல்ல படம் இந்தச் சோதனையில் நிற்கும். வெறும் பேச்சால் கட்டிய படம் இரண்டு வாக்கியத்தில் தீர்ந்துவிடும். கட்டுரை எழுதும் மாணவர்க்கும் இது பெருந்துணை. வருணனை தானே வரும்.

கேள்வியும் கண்ணோட்டமும்

திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வைத்தார், அது 42ஆவது. செவியால் பெறும் அறிவின் சிறப்பை அங்கே கூறினார். அவரே 'கண்ணோட்டம்' என்று மற்றோர் அதிகாரத்தை 58ஆவதாக வைத்தார். கண்ணோட்டம் என்றால் வெறும் பார்வையன்று. கண்டவரிடம் மனம் சென்று இரங்குதல். செவிக்கு அறிவையும் கண்ணுக்கு இரக்கத்தையும் உரிமையாக்கிய அந்தப் பாகுபாடு, திரைப்படத்துக்கும் பொருந்துவதை எண்ணி வியக்கிறேன். 'பராசக்தி' நம் அறிவைக் கேள்வியால் தட்டி எழுப்பியது. 'வீடு' சுவரோரம் நடக்கும் முதியவரைக் காட்டி நம் கண்ணில் ஈரம் வரச் செய்தது. இரண்டும் தமிழ்ப் படங்களே. இரண்டும் நமக்கு வேண்டியவையே.

முன்னதை வளர்க்க வானொலி உண்டு, மேடை உண்டு, பாட்டன் பாட்டியின் நினைவு உண்டு. பின்னதை வளர்க்க நம்மைத் தவிர ஆளில்லை. வரும் விடுமுறையில் பெற்றோர் தம் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு 'அந்த நாளை'யோ 'வீட்டை'யோ ஒருமுறை போட்டுக் காட்டட்டும். முதற் கால்மணி நேரம் பிள்ளைகள் நெளிவார்கள், "பாட்டு எப்போது வரும்?" என்று கேட்பார்கள். பொறுத்திருங்கள். "அவர் பொய் சொல்கிறார், அவர் கையைப் பாருங்கள்!" என்று ஒரு பிள்ளை கூவும் நேரம் வரும். அந்தப் பிள்ளை அன்றுதான் படம் பார்க்கத் தொடங்கியது என்று கொள்ளலாம்.